ஆன்ட்டிவைரஸும் ஒரு பெட்டி கத்தரிக்காயும்

டிஸ்கி: இது பொட்டி தட்டுறதுல கரை கண்டவங்களுக்கான பதிவு இல்லை. "வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அதுல ஒரு ஆன்ட்டிவைரஸும் இருக்கு, எதை டிக் பண்றதுன்னுதான் தெரியல"ன்னு சொல்றவங்களுக்கானது. கூடவே, தெரிஞ்சவங்க வீட்டுக் கம்ப்யூட்டர் எது படுத்தாலும் போன் வருமே, அந்த 'கம்ப்யூட்டர் தம்பி'களுக்கானது. ரெண்டாவது கோஷ்டி கொஞ்சம் கவனமாப் படிங்க மக்கா. சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டவன் சொல்றேன்.

பாரீஸ் வந்த புதுசுல "காய்கறியா? நேரா ரூ காய்க்குப் போ"ன்னு ரூம்மேட் சொன்னான். ஆகா, காய் விக்கிற தெருவுக்கு நம்மாளுங்க காய்னே பேர் வெச்சுட்டாங்க போலன்னு புல்லரிச்சுப் போயிட்டேன். லாசப்பல் மெத்ரோவுல இறங்கினா ரெண்டு நிமிஷ நடை. ஃபோபூர் சன் தெனிக்கும் பிலிப் து ஜிரார் தெருவுக்கும் நடுவுல இருக்குற சின்னத் தெரு. முருங்கைக்காய், வாழைக்காய், பாவக்காய், கறிவேப்பிலை, புடவை, தங்கம், இடியாப்பம்னு எல்லாம் கிடைக்கும். பிறகுதான் தெரிஞ்சுது, அது 19-ம் நூற்றாண்டுல ரயில் எஞ்சின் செஞ்ச ழான் பிரான்சுவா காய்ங்கிற தொழிலதிபரோட பேர். புல்லரிப்பு வேஸ்ட் :-)

அந்தத் தெருவுல கடை வெச்சிருக்குற அண்ணை ஒருத்தர். வயசுக்கு அங்கிள்னு கூப்பிடணும். ஆனா லாசப்பல்ல எல்லாருமே அண்ணைதான். கடைக்கு மேலேயே நாலாவது மாடியில வீடு. லிஃப்ட் கிடையாது. 2025 அக்டோபர்ல ஒரு சாயங்காலம் காய் வாங்கப் போனப்ப அண்ணை பிடிச்சுக்கிட்டார்.

"தம்பி, ஒருக்கா மேல வந்து கொம்பியூட்டரைப் பாரும். ஆதரவு முடியுது, முடியுது எண்டு ஒரே எழுத்து வருது. வைரஸோ தெரியேல்லை."

வைரஸ் இல்லை. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தர்ற வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. அதுக்கான அறிவிப்புதான் அது. சொல்லிட்டு இறங்கியிருக்கலாம். ஆனா அண்ணை இன்னொண்ணு சொன்னார்: "உதுக்குள்ள அப்பான்ர எழுத்து கிடக்கு. அதுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது."

அண்ணைக்குச் சொந்த ஊர் புங்குடுதீவு. அப்பா அங்க வாத்தியார். 1990-களின் தொடக்கத்துல தீவைவிட்டுக் கிளம்பின குடும்பம். 2002-ல போர்நிறுத்தம் வந்த பிறகு அப்பா யாழ்ப்பாணத்துல இருந்துக்கிட்டு, ஊரைப் பத்தி நினைவுல இருந்ததையெல்லாம் கையால எழுதி, ஒரு கொம்யூனிகேஷன் கடையில கொடுத்து பாமினி எழுத்துருவுல டைப் பண்ண வெச்சிருக்கார். யார் வீடு எந்த ஒழுங்கையில, எந்தக் கோயில் எப்பக் கட்டினது, யாரோட பள்ளிக்கூடத்துல யார் படிச்சாங்கன்னு மொத்தம் 23 வேர்ட் ஃபைல். ஈமெயில்லயும் சீடியிலயும் பாரீஸ் வந்து சேர்ந்துச்சு. அப்பா இப்ப இல்லை. கையெழுத்துப் பிரதியும் இல்லை.

"அதுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது"ன்னு அவர் சொன்னதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்? "எல்லாத்தையும் உச்சத்துல வை"ன்னு.

வெச்சேன். அவரோட மருமகன் எப்பவோ போட்டுக் கொடுத்த ஆன்ட்டிவைரஸ் ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு. திறந்து பார்த்தா ரியல் டைம் பாதுகாப்பே ஆஃப்ல கிடக்கு. அதை ஆன் பண்ணினேன். அதோட விட்டேனா? முழு ஸ்கேன், தினமும். சுருக்கி வெச்ச ஃபைல்களுக்குள்ளயும் பார். சந்தேகத்தின் அளவு: அதிகபட்சம். ஆபத்து தெரிஞ்சா என்ன செய்யணும்? மூணு வழி கொடுத்திருந்தான்: சுத்தம் செய், தனிமைப்படுத்து, நீக்கு. 'நீக்கு'வைத் தேர்ந்தெடுத்தேன். 'என்னைக் கேட்காதே'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதையும் டிக் பண்ணினேன். ராத்திரி ஓட விட்டுட்டு, அக்கா கொடுத்த புட்டையும் சாப்பிட்டுட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில போன் பண்ணி அறிக்கையை வாசிக்கச் சொன்னேன். "19 கிடந்ததாம் தம்பி. எல்லாம் அழிச்சாச்சாம்." எனக்குப் பெருமை தாங்கல. பார்த்தீங்களா அண்ணை, எவ்வளவு வைரஸோட குடும்பம் நடத்தியிருக்கீங்கன்னு ரெண்டு வசனம் வேற பேசினேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டார்.

"தம்பி, அப்பான்ர ஃபைலுகள் 23 கிடந்தது. இப்ப நாலுதான் கிடக்கு."

நடந்தது என்ன?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குவோம். 1995-ல 'கான்செப்ட்'னு ஒரு வைரஸ் வந்துச்சு. அதுவரைக்கும் வைரஸ்னா நிரல்கள்ல ஒட்டும், ஃபிளாப்பியோட துவக்கப் பகுதியில ஒட்டும். இது வேர்ட் ஆவணத்துக்குள்ளேயே இருந்துச்சு. வேர்ட்ல சின்னச் சின்ன வேலைகளைத் தானா செய்ய வைக்க மேக்ரோன்னு ஒரு வசதி உண்டு. அந்த மேக்ரோவா எழுதப்பட்ட வைரஸ் அது. 1999 மார்ச் 26-ல கிளம்பின மெலிஸாவும் அதே ஜாதிதான். பாதிக்கப்பட்ட ஆவணத்தைத் திறந்தா, அவுட்லுக் முகவரிப் புத்தகத்துல முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பி வைக்கும்.

இந்த ஜாதி வைரஸ்கள் வேர்டோட பொது வார்ப்புருவுல போய் உட்கார்ந்துக்கும். அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர்ல எந்த ஆவணத்தைத் திறந்தாலும், புதுசா எழுதினாலும் அதுலயும் ஒட்டிக்கும். நாளைக்கு நூறு பேர் வந்து போற ஒரு கொம்யூனிகேஷன் கடைக் கம்ப்யூட்டர்ல 2002-ல டைப் பண்ணின ஆவணம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு. 23-ல 19-க்கு ஒட்டியிருக்கு.

இதுல முக்கியமான விஷயம், மேக்ரோ வைரஸ் ஆவணத்தோட எழுத்தைத் தின்னுடுறது இல்லை. எழுத்து ஒரு பக்கம், மேக்ரோ ஒரு பக்கம். மேக்ரோவை மட்டும் உரிச்சு எடுத்துட்டா எழுத்து அப்படியே இருக்கும். 'சுத்தம் செய்'ங்கிற கட்டளை அதுக்குத்தான் இருக்கு. நான் 'நீக்கு'ன்னு சொன்னேன். அந்த ஆன்ட்டிவைரஸ் மேல எந்தத் தப்பும் இல்லை. சொன்னதைச் செஞ்சுது. கேட்காதேன்னு சொன்னேன், கேட்கல.

அடிச்சுப் பிடிச்சு ரூ காய்க்கு ஓடினேன். கடையில அக்கா கத்தரிக்காய் தெரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். அவங்க திட்டல. கையில இருந்த கத்தரிக்காயைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "புழு இருந்தா அந்த இடத்தை வெட்டிப்போட்டுச் சமைப்பம் தம்பி. நீர் பெட்டியோட கொண்டுபோய்க் கொட்டிப்போட்டீர்."

ஆன்ட்டிவைரஸ் செட்டிங் பத்தி நான் படிச்ச எந்தக் கையேட்டுலயும் இதைவிடத் தெளிவா யாரும் எழுதல.

மீட்டது எவ்வளவு?

முதல்ல செஞ்சது, கம்ப்யூட்டரை அணைச்சது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஃபைலை நீக்கினா, அந்த இடம் காலின்னு குறிச்சு வைக்குமே தவிர உடனே துடைக்காது. அதுமேல வேற எதாவது எழுதப்பட்டாத்தான் போச்சு. அதனால கம்ப்யூட்டரை நோண்ட நோண்ட வாய்ப்பு குறையும். நல்லவேளை அண்ணையோடது பழைய டிஸ்க். எஸ்எஸ்டியா இருந்திருந்தா, நீக்கின இடத்தை அது சீக்கிரமே தானாத் துடைச்சிருக்கும், கதை முடிஞ்சிருக்கும்.

டிஸ்க்கைக் கழட்டி என் லேப்டாப்ல இணைச்சு, மீட்பு மென்பொருளை ஓட்டி, கிடைச்சதை வேறொரு டிஸ்க்ல சேமிச்சேன். ரெண்டு ராத்திரி. 12 ஃபைல் முழுசா வந்துச்சு. அக்கா பிஸ்கட் டின்ல போட்டு வெச்சிருந்த ஒரு சீடியில இருந்து இன்னும் 5. ரெண்டு வரவே இல்லை. அதுல ஒண்ணு, ஊர்க் கிணறுகளைப் பத்தி அப்பா எழுதினது.

அண்ணை அதுக்கும் கத்தல. "என்ன தம்பி செய்யிறது. ஊரில எல்லாத்தையும் விட்டுட்டு வந்த ஆக்கள்தானே"ன்னு மட்டும் சொன்னார். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இன்னொரு அதிர்ச்சி

மீட்பு வேலைக்கு நடுவுல, அந்த ஆன்ட்டிவைரஸ்ல நான் திறந்தே பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தேன். விலக்குப் பட்டியல். 'இந்த இடங்களைப் பார்க்காதே'ன்னு நாம சொல்லி வைக்கிற பட்டியல். அதுல ஒரே ஒரு வரி: டவுன்லோட்ஸ் ஃபோல்டர், முழுசா.

மருமகன் வேலை. கேம் ஒண்ணுக்கு கிராக் இறக்கியிருக்கார். கிராக்கோட வர்ற குறிப்புல வழக்கமா என்ன எழுதியிருக்கும்னு உங்களுக்கே தெரியும்: "ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு, இந்த ஃபோல்டரை விலக்கில் சேர்க்கவும்." சேர்த்திருக்கார், மறந்துட்டார்.

அந்த வரியை எடுத்துட்டு மறுபடி ஸ்கேன் பண்ணினா, கிராக்கோட ஒட்டிக்கிட்டு, உலாவியில சேமிச்சு வெச்ச கடவுச்சொற்களைத் திருடுற ஒரு நிரல் உட்கார்ந்திருக்கு. அதாவது, இருபது வருஷத்துக்கு முந்தின, இப்பத்திய வேர்ட் மேக்ரோவைத் தானா ஓட விடாததால கிட்டத்தட்ட செத்துப்போன வைரஸுக்காக ஒரு மனுஷனோட எழுத்தை அழிச்சிருக்கேன். உயிரோட இருந்த திருடனை, அவனுக்குன்னு ஒதுக்கின அறையில தூங்க விட்டிருக்கேன்.

ஆன்ட்டிவைரஸ் எவ்வளவு ஆழமாத் தேடுதுங்கிறது ரெண்டாவது விஷயம். கண்டுபிடிச்சா என்ன செய்யும், எங்கே தேடாம விடும்ங்கிற ரெண்டும்தான் முதல் விஷயம். அந்த ரெண்டு பக்கத்தைத்தான் நாம யாரும் திறந்து பார்க்கிறது இல்லை.

சரி, எப்படித்தான் வைக்கிறது?

அண்ணை வீட்டுக் கம்ப்யூட்டர்ல கடைசியா நான் வெச்சதைச் சொல்றேன். அந்தப் பழைய ஆன்ட்டிவைரஸை எடுத்துட்டு, விண்டோஸோடயே வர்ற டிஃபெண்டரை வெச்சேன். 2012-ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து அது முழு ஆன்ட்டிவைரஸாவே உள்ள இருக்கு. வேற வாங்கணும்னா வாங்கலாம். 1990-களின் தொடக்கத்துல இருந்து நம்ம சென்னையிலேயே கே7 இருக்கு. எதுவா இருந்தாலும் ஒண்ணு போதும். ரெண்டு ஆன்ட்டிவைரஸ் ஒரே நேரத்துல ரியல் டைம்ல காவல் நின்னா, ஒண்ணை ஒண்ணு திருடன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கும். கம்ப்யூட்டர்தான் தவழும்.

1. ரியல் டைம் பாதுகாப்பு: எப்பவும் ஆன். ஒரு ஃபைல் உள்ள வரும்போதும் திறக்கும்போதும் பார்க்கிறது இதுதான். வாசல்ல நிக்கிற ஆள். முழு ஸ்கேன்ங்கிறது ராத்திரி ரோந்து. வாசல்ல ஆள் இல்லாம ரோந்து மட்டும் வெச்சுப் பிரயோஜனம் இல்லை. கூடவே 'கிளவுட் பாதுகாப்பு', 'டேம்பர் பாதுகாப்பு' ரெண்டும் ஆன். முதலாவது, புது வைரஸ் பத்தின தகவலை மைக்ரோசாஃப்ட் சர்வர்ல உடனே விசாரிக்கும். ரெண்டாவது, கெட்ட நிரல் எதுவும் ஆன்ட்டிவைரஸையே அணைக்காமப் பார்த்துக்கும்.

2. விரைவு ஸ்கேன்: தினமும் அல்லது வாரம் சில தடவை. நினைவகம், கம்ப்யூட்டர் துவங்கும்போது தானா ஓடுற இடங்கள்னு வைரஸ் குடியேறக்கூடிய இடங்களை மட்டும் பார்க்கும். சில நிமிஷ வேலை. ரியல் டைம் ஆன்ல இருந்தா அன்றாடத்துக்கு இதுவே போதும்னுதான் மைக்ரோசாஃப்டும் சொல்லுது.

3. முழு ஸ்கேன்: மாசம் ஒரு தடவை, இல்லேன்னா சந்தேகம் வந்தா. கம்ப்யூட்டர் நிஜமா ஆன்ல இருக்குற நேரமாப் பார்த்து வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வெச்சுட்டு, பத்து மணிக்கே ஸ்விட்சை அணைச்சுட்டுப் படுத்தா அது கணக்குலதான் இருக்கும். அண்ணை ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுல இருப்பார். அதனால ஞாயிறு காலை. டிஃபெண்டர்ல இந்த நேரத்தை மாத்த, விண்டோஸோட டாஸ்க் ஷெட்யூலருக்குள்ள போகணும்.

4. ஆஃப்லைன் ஸ்கேன்: கம்ப்யூட்டர் ஒரு மாதிரியா நடந்துக்குது, ஸ்கேன்ல எதுவும் சிக்கல, இல்லேன்னா எடுத்த வைரஸ் திரும்பத் திரும்ப வருதுன்னா மட்டும். கம்ப்யூட்டரை மறுபடி துவக்கி, விண்டோஸ் முழுசா எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே தேடும். கால் மணி நேரம் ஆகும். திறந்து வெச்ச வேலையைச் சேமிச்சுட்டு அழுத்துங்க.

5. கண்டுபிடிச்சா என்ன செய்யணும்: முதல்ல சுத்தம், முடியலைன்னா தனிமைப்படுத்தல். 'நீக்கு' வேண்டவே வேண்டாம். 2020-ல நாமளே வீட்டுக்குள்ள தனிமைப்பட்டுக் கிடந்தோமே, அதேதான். ஆள் இருப்பான், ஆனா வெளிய வந்து யாருக்கும் ஒட்ட மாட்டான். தப்பாப் பிடிச்சிருந்தா வெளிய விடலாம். டிஃபெண்டர்ல 'பாதுகாப்பு வரலாறு'ங்கிற பக்கத்துல இருந்து மீட்கலாம்.

ஆன்ட்டிவைரஸ் தப்பாப் பிடிக்குமான்னு கேட்டா, 2010 ஏப்ரல் 21-ஐச் சொல்வேன். மெக்காஃபியோட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியோட உயிர்நாடியான ஒரு சிஸ்டம் ஃபைலையே வைரஸ்னு பிடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. உலகம் பூரா கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைஞ்சு எழுந்துக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே நடக்கும்.

6. சந்தேகத்தின் அளவு: நடுத்தரம். இதை உச்சத்துல வெச்சா, கையெழுத்துப் பொருந்தாட்டியும் நடத்தையைப் பார்த்தே சந்தேகப்படும். தமிழ்ல எழுதுற நமக்கு இதுல ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் எப்படி வேலை செய்யுது? நீங்க அழுத்துற ஒவ்வொரு விசையையும் இடையில நின்னு பிடிச்சு, 'அம்மா'ன்னு மாத்திக் கொடுக்குது. விசைகளைத் திருடுற வேவு நிரலும் இடையில நின்னு பிடிக்கிற வேலையைத்தான் செய்யுது. உச்சத்துல வெச்ச ஆன்ட்டிவைரஸுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். அண்ணை வீட்டுலயும் தட்டச்சு மென்பொருள் காலி. இதுக்கு நல்ல வழி, விண்டோஸ்லயே இருக்குற தமிழ் விசைப்பலகைக்கு மாறிடுறது. பழசை விட மனசில்லைன்னா அதிகாரபூர்வ இடத்துல இருந்து மட்டும் இறக்குங்க.

7. விலக்குப் பட்டியல்: காலியா இருக்கணும். மீறிச் சேர்த்தே ஆகணும்னா ஒரு ஃபைலை மட்டும், முழுப் பாதையோட. ஃபோல்டர் கூடாது. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், முழு டிரைவ் சத்தியமாக் கூடாது. இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் ஒரே ஒரு காரியம் செய்யணும்னா, இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க. என்னென்ன புதையல் கிடைக்கும்னு சொல்ல முடியாது.

8. யூஎஸ்பி குச்சி: ஊர்ல இருந்து கல்யாண வீடியோ, பிள்ளையார் கோயில் தேர் வீடியோ எல்லாம் இதுலதான் வருது. டிஃபெண்டரோட முழு ஸ்கேன் வழக்கமா இதைத் தொடாது. செருகினதும் அதுமேல வலது க்ளிக் பண்ணி நாமளா ஸ்கேன் பண்ணிக்கணும். யூஎஸ்பிதானேன்னு அலட்சியம் வேண்டாம். 2009 ஜனவரியில பிரெஞ்சுக் கடற்படையோட உள் வலையமைப்புக்குள்ள கான்ஃபிக்கர் புகுந்துச்சு. யூஎஸ்பி குச்சி வழியாவும் பரவுற வைரஸ் அது. ராணுவத்துக்கே அந்தக் கதின்னா நாலாவது மாடி அண்ணை எம்மாத்திரம்?

9. சுருக்கின ஃபைல்களுக்குள்ள தேடுறது: ஆன்ல இருக்கட்டும், ஆனா அதை ரொம்ப நம்பாதீங்க. கடவுச்சொல் போட்ட ஜிப்புக்குள்ள எந்த ஆன்ட்டிவைரஸாலும் பார்க்க முடியாது. 'கடவுச்சொல் 1234'ன்னு மெயில்லயே எழுதி ஒரு ஜிப் வந்தா, அது ஆன்ட்டிவைரஸுக்குத் தெரியாம இருக்கத்தான் அப்படி வருதுன்னு வெச்சுக்கங்க. அப்புறம் 42.ஜிப்னு ஒரு பிரபல குறும்பு ஃபைல். 42 கிலோபைட்தான். முழுசா விரிச்சா 4.5 பெட்டாபைட். அதனாலதான் ஆன்ட்டிவைரஸ்கள் எத்தனை அடுக்கு உள்ள போகணும்னு ஒரு எல்லை வெச்சிருக்கு. அந்த எல்லையைக் கூட்டாதீங்க.

இதெல்லாம் வெச்சபிறகு வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? நிஜ வைரஸை இறக்கிப் பார்க்க வேண்டாம் :-) ஐகார்னு ஒரு சோதனை ஃபைல் இருக்கு. 68 எழுத்துதான். எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனா ஆன்ட்டிவைரஸ்கள் எல்லாம் அதைப் பார்த்தா கத்தணும்னு ஒப்பந்தம். ஐகார் அமைப்போட தளத்துல இருந்து இறக்கிப் பாருங்க. கத்தினா ஆள் முழிச்சிருக்கார்.

வைரஸ்டோட்டல் பத்தி ஒரு வார்த்தை

ஒரு ஃபைல் வைரஸா இல்லையான்னு சந்தேகம் வந்தா, 2012-ல கூகுள் வாங்கின வைரஸ்டோட்டல்ல ஏத்தி, பல பத்து ஆன்ட்டிவைரஸ்கிட்ட ஒரே நேரத்துல கருத்து கேட்கலாம். நல்ல வசதி. ஆனா அங்க ஏத்துற ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களோட பகிரப்படும். இறக்கின மென்பொருளைத் தாராளமா ஏத்துங்க. சொந்த ஆவணத்தை ஏத்தாதீங்க. லாசப்பல்ல இதை அழுத்திச் சொல்லணும். இங்க நிறைய வீட்டுக் கம்ப்யூட்டர்ல அகதி வழக்குக் கடிதங்கள் இருக்கு. ஊர்ல என்ன நடந்துச்சு, யார் யார் பேர்னு எழுதி ஓஃப்ப்ராவுக்குக் கொடுத்த வாக்குமூலம் எல்லாம் இருக்கு. அது வெளிய போற பேப்பர் இல்லை.

ஸ்கேன் செய்யாத ரெண்டு வேலை

ஒண்ணு, அப்டேட். 2017 மே 12-ல வான்னாக்ரை உலகத்தையே ஆட்டி வெச்சுது. இங்க பிரான்ஸ்ல ரெனோ கார்த் தொழிற்சாலைகள் சிலதை நிறுத்த வேண்டியதாச்சு. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச் 14-லயே கொடுத்தாச்சு. ரெண்டு மாசம் போடாம விட்டவங்கதான் நிறைய மாட்டினாங்க. அண்ணையோட விண்டோஸ் 10-க்கும் இதான் விஷயம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில இருக்குறவங்களுக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கோட பதிவு பண்ணிக்கிட்டா, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை இலவசமா நீட்டிக்கிறதா அறிவிச்சாங்க. அன்னைக்கே பதிவு பண்ணி விட்டேன். மருமகனோட திருட்டு நிரலுக்காக, என் லேப்டாப்ல இருந்து அண்ணையோட எல்லாக் கடவுச்சொல்லையும் மாத்தினோம். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்ல இருந்தே மாத்தினா திருடன்கிட்டயே புதுச் சாவியைக் கொடுக்குற மாதிரி. இதைக் கவனிச்சுக்கங்க.

ரெண்டாவது, நகல். இதைத்தான் நான் முதல்ல செஞ்சிருக்கணும். அண்ணை "அதுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது"ன்னு சொன்ன அந்த நிமிஷம், ஒரு யூஎஸ்பி குச்சியை எடுத்து 23 ஃபைலையும் நகல் எடுத்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. ஒரு செட்டிங்கையும் தொடுறதுக்கு முன்னாடி நகல். கம்ப்யூட்டர் தம்பிகளே, அடுத்த வீட்டுக்குப் போகும்போது இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

மீட்ட 17 ஃபைலையும் லிப்ரேஆஃபீஸ்ல மேக்ரோ ஓடாதபடி திறந்து, டாக்எக்ஸ் வடிவத்துல சேமிச்சேன். அந்த வடிவத்துல மேக்ரோ இருக்கவே முடியாது. பாமினியில இருந்து யூனிகோடுக்கும் மாத்தியாச்சு. இப்ப மூணு இடத்துல இருக்கு: அண்ணை வீட்டுல ஒண்ணு, எப்பவும் கழட்டியே வெச்சிருக்குற ஒரு டிஸ்க்ல ஒண்ணு, கனடாவுல இருக்குற தங்கச்சிகிட்ட ஒண்ணு. தங்கச்சி இதுவரைக்கும் அப்பா எழுதினதைப் படிச்சதே இல்லையாம். பாமினி எழுத்துரு இல்லாததால அவங்களுக்கு வெறும் கிறுக்கலாத்தான் தெரிஞ்சிருக்கு.

போன வாரம் முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். அண்ணை மேல கூட்டிக்கிட்டுப் போய்ப் புது ஃபைல் ஒண்ணைக் காட்டினார். கிணறுகள்னு தலைப்பு. தொலைஞ்சு போனதை நினைவுல இருந்து அவரே ஒவ்வொரு விரலாத் தட்டித் தட்டி எழுதிக்கிட்டு இருக்கார். ஞாயித்துக்கிழமை முழு ஸ்கேன் ஓடுற நேரத்துல தங்கச்சிக்குப் போன் போட்டு, "மதவடிக்குப் பக்கத்துக் கிணத்தில தண்ணி உப்போ, நல்ல தண்ணியோ?"ன்னு கேட்டு எழுதுறார்.

இதுவரைக்கும் 11 கிணறு வந்திருக்கு. அப்பா எத்தனை எழுதியிருந்தார்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.